பழைய துணி எப்போது ஸதகா ஆகும்?

பெருநாள் நெருங்கியதும் அலமாரியைத் திறக்கிறோம். புதுத் துணிக்கு இடம் வேண்டும் என்று பழையதை மூட்டை கட்டி, "யாருக்காவது கொடுத்துவிடலாம்" என்கிறோம். அந்த மூட்டை ஸதகாவா, அல்லது நம் வீட்டுக் குப்பையை இன்னொருவர் வாசலில் இறக்குகிறோமா என்பதை நாம் யோசிக்க வேண்டும்.

மதீனாவில் பேரீச்சை அறுவடையின்போது அன்ஸாரிகள் பழக்குலைகளைப் பள்ளிவாசலில் தொங்கவிடுவார்கள். வறுமையில் இருந்த திண்ணைத் தோழர்கள் பசித்தபோது அவற்றை உண்பார்கள். சிலர் கெட்ட குலைகளையும் தொங்கவிட்டனர். அப்போதுதான் 2:267 வசனம் இறங்கியதாக பராஃ இப்னு ஆஸிப் (ரலி) அறிவிக்கும் செய்தி திர்மிதியில் உள்ளது. நமக்குத் தந்தால் நாமே மனமில்லாமல் வாங்கக்கூடிய ஒன்றைத் தர்மத்துக்கென்று ஒதுக்கக் கூடாது என்பது அதன் கருத்து.

உடுத்திய துணியைக் கொடுப்பது தவறல்ல. சத்தியத்தை முறித்ததற்கான பரிகாரங்களில் பத்து ஏழைகளுக்கு ஆடை அளிப்பதும் ஒன்று (5:89) என்னும் அளவுக்கு ஆடைக்கு மதிப்பு உண்டு. உடுத்த முடியாததைக் கொடுப்பதுதான் தவறு.

2004 சுனாமிக்குப் பின் நாகப்பட்டினத்தில் இதைக் கண்டோம். கிழிந்தவையும், மீனவ மக்கள் உடுத்தாத வகைகளும் சாலையோரத்தில் குவிந்து கிடந்தன. டெல்லியைச் சேர்ந்த 'கூஞ்ச்' அமைப்பு அவற்றைத் தரம் பிரித்துப் பயன்படுத்தியது. அதன் நிறுவனர் அன்ஷு குப்தா 2015-இல் மகசேசே விருது பெற்றார்.

குலசேகரன்பட்டினத்தில் இருக்கும் நமக்கு இது தூரத்துச் செய்தி அல்ல. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பக்கத்து ஊரான காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. மழை கொட்டியது. வெள்ளம் புகுந்த வீட்டுக்கு உடனே வேண்டியது உலர்ந்த கைலி, நைட்டி, துப்பட்டா, போர்வை, பிள்ளைகளின் உடுப்பு ஆகியவைதான். பட்டுப் புடவையும் கோட்டும் அங்கே உதவாது.

ஆகவே கொடுக்கும் முன்:

• துவைத்து, நன்றாக உலர்த்தி, மடித்து வையுங்கள். பொத்தான், ஜிப் போயிருந்தால் தைத்துக் கொடுங்கள்.
• ஆண், பெண், பிள்ளைகள் எனப் பிரித்து, பையின் மேல் வயதையும் அளவையும் எழுதுங்கள்.
• உள்ளாடையைப் புதிதாக வாங்கியே கொடுங்கள்.
• கிழிந்த பருத்தித் துணியை வீட்டிலேயே துடைப்பதற்கு வைத்துக்கொள்ளுங்கள்.
• என்ன தேவை என்று முதலில் கேட்டுவிட்டு அனுப்புங்கள்.

ரொக்கத்துக்கும் நகைக்கும் கொடுக்க வேண்டிய ஜகாத்தில் பழைய துணியின் மதிப்பைக் கழித்துக்கொள்ளக் கூடாது. துணி உபரியான ஸதகா, ஜகாத் கடமை.

கொடுத்த பிறகு அதைச் சொல்லிக் காட்டுவதும், வாங்குபவரை நோகடிப்பதும் தர்மத்தை வீணாக்கிவிடும் (2:264). கை நீட்டுபவரைப் படம் எடுத்துப் பரப்புவதும் அவரை நோகடிப்பதே. நாம் கொடுத்த சட்டையை அணிந்து ஒரு பிள்ளை நம் எதிரில் வந்தால், அது நம் சட்டை என்று நாம் காட்டிக்கொள்ளக் கூடாது.

மூட்டையைக் கட்டும் முன் ஒன்றைக் கேட்டுக்கொள்வோம்: இதே துணியை நம் உடன்பிறந்தாள் பிள்ளைக்குக் கூச்சமில்லாமல் கொடுப்போமா? கொடுப்போம் என்றால் தாராளமாகக் கொடுக்கலாம்.

அல்லாஹ் நம் தர்மங்களை ஏற்றுக்கொள்வானாக! ஆமீன்.