எக்ஸ்-டேட்டா (ஓப்பன்எஸ்எஸ்எல்)

எக்ஸ்-டேட்டா என்பது ஓப்பன்எஸ்எஸ்எல் மறைகுறியாக்க நூலகத்தின் கட்டமைப்புகளோடு, அதைப் பயன்படுத்தும் செயலி தனக்குரிய தரவை இணைத்து வைக்க உதவும் பொறிமுறை. எரிக் யங், டிம் ஹட்சன் ஆகியோர் எழுதிய முந்தைய நூலகத்தின் 0.9.0 பதிப்பிலேயே இது உண்டு. 1998இல் அந்த நூலகத்திலிருந்து கிளைத்த ஓப்பன்எஸ்எஸ்எல் இதைத் தொடர்ந்தது.

தேவை

இலங்கையின் 2006ஆம் ஆண்டு 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டத்தின் பின், லங்காகிளியர் நிறுவனம் கொழும்பில் தொடங்கிய லங்காசைன் சேவை டிஜிட்டல் சான்றிதழ்களை வழங்குகிறது. அத்தகைய சான்றிதழோடு ஒருவர் ஒரு சேவையகத்தை அணுகுவதாகக் கொள்வோம். சரிபார்ப்பின் நடுவே நூலகம் செயலியின் மீளழைப்புச் செயற்கூற்றை அழைக்கும். ஆனால் அதுவரையான சரிபார்ப்பின் முடிவையும் சரிபார்ப்புச் சூழலையும் மட்டுமே அதனிடம் கொடுக்கும். இணைப்பு யாருடையது, எந்த விதி பொருந்தும் என்பன அதற்குத் தெரியா. பொது மாறியில் அவற்றை வைத்தால் ஒரே நேரத்தில் ஓடும் இழைகள் ஒன்றின் தரவை மற்றொன்று அழித்துவிடும்.

இயங்கும் முறை

செயலி தொடக்கத்தில் ஒருமுறை ஒரு சுட்டெண்ணைக் கேட்டுப் பெறும். கட்டமைப்பு ஒவ்வொன்றும் ஓர் அலுமாரி என்றால், அந்த எண் அவ்வகை அலுமாரிகள் எல்லாவற்றிலும் செயலிக்கென ஒதுக்கிய தட்டு. அங்கு வைக்கப்படுவது தரவின் நினைவக முகவரி மட்டுமே. சரிபார்ப்புச் சூழலிலிருந்து இணைப்பைக் கண்டடைய நூலகமும் இதே முறையையே கையாள்கிறது; இணைப்பு கிடைத்ததும் செயலி தன் தட்டைத் திறக்கும். என்ஜின்எக்ஸ் இணையச் சேவையகமும் இவ்வாறே இயங்குகிறது.

சுட்டெண் பெறும்போது உருவாக்கல், நகலெடுத்தல், விடுவித்தல் ஆகியவற்றுக்கான மூன்று செயற்கூறுகளையும் பதியலாம். 2016இல் வந்த 1.1.0 பதிப்பு பெரும்பாலான கட்டமைப்புகளின் உள்ளமைப்பை மறைத்தது. புலங்களை நேரடியாகத் தொட முடியாததால் இப்பொறிமுறையின் தேவை கூடியது.

வரம்புகள்

இணைப்புக்கு இணைப்பு புதிய சுட்டெண் பெற்றால் நினைவகம் வீணாகும். புதிய மதிப்பை இடும்போது பழையது தானாக விடுவிக்கப்படாது. எதுவும் இடாத தட்டும் தோல்வியுற்ற தேடலும் ஒரே வெற்று மதிப்பையே தரும். அமர்வு ஒன்றை வெளிச் சேமிப்பகத்துக்கு மாற்றினால் அதில் இணைத்த தரவு உடன் செல்லாது. செயலியே அதைத் தனியாகச் சேமிக்க வேண்டும்.