பார்க் எக்ஸ்டென்ஷனில் வை-ஃபி: பின்னறைக்கு எட்டாத இணையம்

வீட்டுக்குள் வை-ஃபி ஏன் பின்னறைக்கு எட்டுவதில்லை, எட்டினாலும் ஏன் இழுத்து இழுத்து வேலை செய்கிறது, இன்னொரு ரூட்டரை வைத்து அதை எப்படிச் சரிசெய்வது என்பதைப் பற்றிய கட்டுரை இது. இதுபற்றி ஆங்கிலத்தில் குறிப்புகள் ஏராளம். ஆனால் அவற்றில் பெரும்பாலானவை தோட்டத்துக்கு நடுவே நிற்கும் தனி வீட்டை மனதில் வைத்து எழுதப்பட்டவை. புலம்பெயர்ந்த நம்மில் பலர் வாழ்வது அடுக்குமாடிகளில். ஆகவே நான் குடியிருக்கும் மொன்றியல் நகரத்துப் பார்க் எக்ஸ்டென்ஷனை எடுத்துக்கொள்கிறேன். டொராண்டோவிலோ பாரிஸிலோ லண்டனிலோ இதுபோன்ற வீடுகளில் இருப்பவர்களுக்கும் இது ஏறக்குறையப் பொருந்தும்.

பார்க் எக்ஸ்டென்ஷன் நாலு பக்கமும் அடைபட்ட சிறிய பேட்டை. வடக்கே 40ஆம் எண் நெடுஞ்சாலை. தெற்கிலும் கிழக்கிலும் ரயில் தண்டவாளங்கள். மேற்கே அகாடி பெருஞ்சாலை. அதற்கப்பால் உள்ள வசதிபடைத்த மவுண்ட் ராயல் நகரம் 1960இல் இந்தப் பக்கம் பார்த்து ஒரு கம்பிவேலியே எழுப்பியது. (அந்த வேலியின் கதையை யாராவது தமிழில் தனியாக எழுத வேண்டும்.) ஒரு காலத்தில் கிரேக்கர்கள் நிறைந்திருந்த தெருக்களில் இன்று ஈழத்தமிழர்களும், பஞ்சாபிகளும், வங்காளிகளும், என்னைப்போல் படிக்க வந்து தங்கிவிட்ட தமிழ்நாட்டுக்காரர்கள் சிலரும் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கிறோம். மூன்று நான்கு மாடிச் செங்கல் கட்டடங்கள். பலவற்றில் வீடு ரயில்பெட்டி போல நீளமானது: தெருப்பக்கம் கூடம், நடுவில் வெளிச்சமில்லாத நடைவழி, கடைசியில் பின்சந்தைப் பார்த்த ஓர் அறை. இணைய நிறுவனத்தின் கம்பி தெருப்பக்கமாக நுழைவதால் மோடம் தொலைக்காட்சிக்குக் கீழேயே குடியிருக்கும். படிக்கிற பிள்ளையோ, ஊரோடு பேசுகிற அம்மம்மாவோ இருப்பது பின்னறையில்.

முதலில் சுவர்க் கணக்கு. ஜிப்சம் பலகைச் சுவர் ஒன்று சுமார் 3 டெசிபல் அலையை விழுங்கும். 3 டெசிபல் என்றால் பாதி போயிற்று என்று அர்த்தம். செங்கல் சுவர் 6 முதல் 10 வரை விழுங்கும். 10 என்றால் பத்தில் ஒரு பங்குதான் மிச்சம். கம்பிவலைமேல் சாந்து பூசிய பழைய சுவர் இன்னும் மோசம், வலை அலையைத் திருப்பியடித்துவிடும். ஃபிரிட்ஜ், குளியலறை நிலைக்கண்ணாடி, வார்ப்பிரும்பு ரேடியேட்டர், மீன்தொட்டி எல்லாமே தடைகள்தாம். நீளவாக்கில் போகும் அலை இவற்றையெல்லாம் வரிசையாகத் தாண்டிப் போகவேண்டும்.

ஆனால் எங்கள் பேட்டையில் இது பாதிப் பிரச்சினைதான். என் நடைவழியில் நின்று கைபேசியில் தேடினால் முப்பதுக்குக் குறையாமல் வலைப்பெயர்கள் வரும். வை-ஃபியின் அடிப்படை விதி ரொம்ப எளிமையானது: பேசுமுன் கேள், யாராவது பேசினால் பொறுத்திரு. 1971இல் ஹவாய் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஆப்ராம்சன் குழுவினர் அமைத்த அலோஹா வலையிலிருந்து வளர்ந்து வந்த சிந்தனை இது. ஒரே தடத்தில் இருக்கும் எல்லாக் கருவிகளும், அடுத்த வீட்டுக்காரருடையது உட்பட, ஒரே பேச்சு மேடையைப் பகிர்ந்துகொள்கின்றன. வட அமெரிக்காவில் 2.4 கிகாஹெர்ட்ஸில் 11 தடங்கள் இருப்பதாகக் காட்டினாலும், அவை 5 மெகாஹெர்ட்ஸ் இடைவெளியில் ஒன்றின்மேல் ஒன்று படிந்தவை. ஒன்றையொன்று தொடாதவை என்றால் 1, 6, 11 மூன்றுதான். முப்பது வீடு, மூன்று மேடை. யாரும் எதுவும் பார்க்காத நேரத்திலும் ஒவ்வொரு ரூட்டரும் விநாடிக்குச் சுமார் பத்து முறை 'நான் இருக்கிறேன்' என்று அறிவித்துக்கொண்டே இருக்கும், அதுவும் மிக மெதுவான வேகத்தில்.

ஆகவே இங்கே பெரும்பாலும் தட்டுப்பாடு அலையின் பலத்துக்கு இல்லை, பேசும் நேரத்துக்குத்தான். இதைப் புரிந்துகொள்ளாமல் செய்யும் செலவெல்லாம் வீண் என்பது என் அபிப்பிராயம். கடைக்காரர் ஆறு கொம்பு வைத்த ரூட்டரைக் காட்டி 'பவர் அதிகம்' என்பார். ரூட்டர் உரக்கக் கத்தினால் கைபேசிக்குக் கேட்கும், சரி. கைபேசியின் சன்னக் குரல் ரூட்டருக்குக் கேட்க வேண்டாமா? பாட்டரியில் ஓடும் கைபேசி அவ்வளவு பலமாகப் பேசாது. திரையில் கோடுகள் நிறையும், வேலை நடக்காது. போதாக்குறைக்கு அந்தக் கத்தல் மேல்மாடிக்காரரின் மேடையையும் பிடித்துக்கொள்ளும். பதிலுக்கு அவரும் பெரிய ரூட்டர் வாங்குவார்.

அடுத்த மருந்து, 'எக்ஸ்டென்டர்' என்று விற்கப்படும் அலை நீட்டி. மலிவானவற்றில் ஒரே வானொலிதான் உண்டு. ஒவ்வொரு சொல்லையும் ஒருமுறை கேட்டு, மறுபடி ஒருமுறை சொல்ல வேண்டும். வேகம் பாதியாகிவிடும், பேசும் நேரம் இரட்டிப்பாகச் செலவாகும். நெரிசலான இடத்தில் இதைவிடப் பொருந்தாத கருவி கிடையாது.

சென்ற ஆண்டு வைஸ்மன் தெருவில் ஒரு வீட்டுக்கு இதற்காகவே போனேன். பாதி நிலத்துக்குள் இறங்கிய பேஸ்மென்ட் வீடு, நான்கு பேர் சேர்ந்து வாடகைக்கு இருக்கிறார்கள். அதில் ஒருவர் வடமராட்சியிலிருந்து வந்து அகதி விண்ணப்பம் போட்டிருக்கும் அண்ணர். கனடாவின் குடிவரவு, அகதிகள் சபை 2020க்குப் பிறகு விசாரணைகளைப் பொதுவாகக் காணொளியிலேயே நடத்துகிறது. நேரில் வேண்டுமென்றால் எழுதிக் கேட்க வேண்டும். விசாரிப்பவர் ஓரிடம், வழக்கறிஞர் ஓரிடம், மொழிபெயர்ப்பாளர் வேறோரிடம். அவருக்கு இரண்டு வாரத்தில் விசாரணை. கதவைச் சாத்தித் தனியாக இருக்கக்கூடிய அறை பின்னறை ஒன்றுதான். வழக்கறிஞரோடு ஒத்திகை பார்த்தபோது பேச்சு அறுந்து அறுந்து போயிருக்கிறது.

"சிக்னல் அஞ்சு கோடும் நிக்குது தம்பி. ஆனா நான் கதைக்கிறது அங்க கேக்குதில்லையாம்" என்றார்.

அஞ்சு கோடும் நின்றதற்குக் காரணம் பின்னறைச் சுவரில் செருகியிருந்த அலை நீட்டி. அது மூன்றடி தூரத்தில் இருந்ததால் மடிக்கணினிக்கு அதன் குரல் நன்றாகவே கேட்டது. அந்த நீட்டிக்கும் கூடத்து மோடத்துக்கும் நடுவில்தான் சமையலறையும் இரண்டு சுவர்களும் இருந்தன. அங்கே என்ன நடக்கிறது என்பதைத் திரைக்கோடுகள் காட்டாது. காணொளிப் பேச்சுக்கு நூறு மெகாபிட் வேகமெல்லாம் தேவையில்லை, சில மெகாபிட் தாராளம். ஆனால் அது சீராக வரவேண்டும். திரைப்படம் பார்க்கும்போது இரண்டு விநாடி தடங்கல் வந்தால் முன்பே சேமித்து வைத்ததைக் காட்டிச் சமாளித்துவிடும். உரையாடலில் போன சொல் போனதுதான். விசாரணையில் ஒரு திகதி பாதியில் விழுங்கப்பட்டால், அதை மொழிபெயர்ப்பாளர் எப்படிச் சொல்வார், கேட்பவர் எப்படி எழுதிக்கொள்வார்? வாக்குமூலத்தின் நம்பகத்தன்மையையே எடைபோடும் இடம் அது.

தீர்வு விலை குறைவானது. 20 மீட்டர் ஈதர்நெட் கம்பி ஒன்று, ஒருவர் அலமாரியில் தூங்கிய பழைய ரூட்டர் ஒன்று. கேட் 5இ வகைக் கம்பி 100 மீட்டர் வரை கிகாபிட் வேகம் தாங்கும். வாடகை வீட்டில் சுவரைத் துளைக்க முடியாது. தட்டையான கம்பியாக வாங்கிச் சுவரடிப் பலகையை ஒட்டிக் கொண்டுபோய்க் கதவடி இடைவெளியில் நுழைத்தால் போதும். மோடத்திலிருந்து பின்னறைக்குக் கம்பி, அங்கே பழைய ரூட்டர், அதிலிருந்து மடிக்கணினிக்கு இன்னொரு குட்டைக் கம்பி. அலை நீட்டியைக் கழற்றி மேசை அறைக்குள் போட்டோம். விசாரணை ஏறக்குறைய மூன்று மணி நேரம் ஓடியது, ஒருமுறைகூட அறுபடவில்லை என்று சொன்னார். முக்கியமான அழைப்பு எதுவானாலும் அந்த ஒரு கருவியைக் கம்பியில் இணைத்துவிடுங்கள் என்றுதான் எல்லோருக்கும் சொல்கிறேன்.

பழைய ரூட்டரை இப்படி அணுகுமுனையாக மாற்றுவதில் இரண்டு மூன்று நுணுக்கங்கள் உண்டு. கம்பியை அதன் இணையத் துளையில் செருகக்கூடாது. உள்வலைத் துளைகளில் ஒன்றில் செருக வேண்டும். கருவிகளுக்கு முகவரி கொடுக்கும் டி.எச்.சி.பி. சேவையை அதில் நிறுத்திவிட வேண்டும், இல்லாவிட்டால் ஒரே வீட்டில் இரண்டு தபால்காரர்கள் முகவரி கொடுக்கக் கிளம்பிவிடுவார்கள். மோடத்தின் முகவரி 192.168.1.1 என்றால் இதற்கு 192.168.1.2 போல அதே வரிசையில் வேறொன்று, அதுவும் மோடம் மற்றவற்றுக்கு வழங்காத ஒன்று. (புதிய ரூட்டர்களில் 'ஆக்ஸஸ் பாயின்ட் மோட்' என்று ஒரே பொத்தானில் இது முடிந்துவிடும்.) வலைப்பெயரும் கடவுச்சொல்லும் இரண்டிலும் ஒன்றாகவே இருக்கட்டும். தடம் மட்டும் வேறு: முன்னது 1 என்றால் பின்னது 6 அல்லது 11. 2.4இல் அகலம் 20 மெகாஹெர்ட்ஸ் போதும். 40 வைத்தால் மூன்று மேடைகளில் இரண்டை நாமே மடக்கிப்போட்டதாகும்.

பிறகு, யாரும் செய்யத் துணியாத ஒன்று: இரண்டு ரூட்டர்களின் பலத்தையும் குறைக்க வேண்டும். எந்த ரூட்டரோடு ஒட்டிக்கொள்வது என்று முடிவு செய்வது பெரும்பாலும் கைபேசிதான். கூடத்து ரூட்டர் உச்ச பலத்தில் இருந்தால், பின்னறைக்குப் போன பிறகும் கைபேசி பழைய உறவை விடாது. குரல் சற்றுத் தணிந்தால் அதுவே பக்கத்தில் இருப்பதைத் தேடிப் பிடித்துக்கொள்ளும்.

கம்பி இழுக்கவே வழியில்லை என்றால்? பல வீடுகளில் கேபிள் தொலைக்காட்சிக்கான வட்டக் கம்பி பின்னறை வரை ஏற்கெனவே போயிருக்கும். மோக்கா என்ற கருவிச் சோடியை இரு முனையிலும் வைத்தால் அதே கம்பியில் ஈதர்நெட் ஓடும். நம் அலை அடுத்த வீட்டுக்குப் போகாமலிருக்க ஒரு வடிகட்டி போடவேண்டும். மின்கம்பி வழியே அனுப்பும் பவர்லைன் கருவிகள் பழைய மின்னிணைப்புகளில் ஒரு நாள் போல ஒரு நாள் இருப்பதில்லை. மெஷ் என்று பெட்டி பெட்டியாக விற்பவை மோசமில்லை, ஆனால் தமக்குள் பேசிக்கொள்ளத் தனி வானொலி உள்ள மூன்று அலைவரிசை வகையாகப் பாருங்கள். அதையும் கம்பியில் இணைக்க முடிந்தால் இன்னும் நல்லது.

5 கிகாஹெர்ட்ஸ் அலை சுவர்களில் அதிகம் தேயும் என்று குறையாகச் சொல்வார்கள். எங்கள் பேட்டையில் அதுதான் அதன் நன்மை, அடுத்த வீட்டின் சத்தமும் வராதல்லவா. தடங்களும் அதிகம். கனடாவில் 5600 முதல் 5650 மெகாஹெர்ட்ஸ் வரை மட்டும் வானிலை ராடார்களுக்காக விலக்கப்பட்டிருக்கிறது. ராடார்களோடு பகிரும் மற்றத் தடங்களில் ரூட்டர் பேசத் தொடங்குமுன் குறைந்தது 60 விநாடி காதுகொடுத்துக் கேட்கும். அதைப் பழுது என்று நினைத்து அணைத்து அணைத்துப் போடவேண்டாம். 2021 மே மாதம் கனடா 6 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையையும் திறந்துவிட்டது. புதிய கைபேசி வைத்திருப்பவர்களுக்கு அங்கே இன்னும் காலி மனை கிடைக்கிறது.

மொன்றியலுக்கு இந்த விஷயத்தில் ஒரு பழைய பெருமையும் உண்டு. 2003இல் ஈல் சான் ஃபில், அதாவது 'கம்பியில்லாத் தீவு', என்ற தன்னார்வக் குழு இங்கே தொடங்கியது. காபிக் கடைகளிலும் பூங்காக்களிலும் இலவச வை-ஃபி அமைத்தவர்கள்; அதற்காக அவர்கள் எழுதிய வைஃபைடாக் என்ற திறமூல மென்பொருளை வெளிநாட்டுக் குழுக்களும் எடுத்துப் பயன்படுத்தின. லின்க்ஸிஸ் டபிள்யூ.ஆர்.டி.54ஜி என்ற நீலக் கறுப்புப் பெட்டியின் மென்பொருள் மூலம் வெளியிடப்பட்டதும், அதிலிருந்து ஓப்பன் டபிள்யூ.ஆர்.டி. கிளைத்ததும் அந்தக் காலந்தான். இன்றும் பழைய ரூட்டருக்கு உற்பத்தியாளர் பாதுகாப்புத் திருத்தம் தருவதை நிறுத்திவிட்டால், ஓப்பன் டபிள்யூ.ஆர்.டி. அதை ஏற்குமா என்று பார்த்து நிறுவுவது நல்லது. டபிள்யூ.பி.ஏ.2கூடத் தெரியாத அளவுக்குப் பழையதென்றால் அணுகுமுனையாகவும் வைக்காதீர்கள்.

கியூபெக்கில் வாடகை ஒப்பந்தங்கள் பெரும்பாலும் ஜூலை 1ஆம் தேதி மாறுகின்றன. அன்று தெருவெல்லாம் மெத்தையும் சோபாவுமாக இருக்கும். சுற்றியுள்ள ரூட்டர்களும் இடம் மாறியிருக்கும். ஜூலை இரண்டாம் வாரம் கைபேசியில் ஒரு அலசல் செயலியைத் திறந்து, எந்தத் தடத்தில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று மறுபடி எண்ணிப்பார்த்து, உங்கள் தடங்களை மாற்றிக்கொள்ளுங்கள். பத்து நிமிட வேலை.