பைத்தியத்துக்கு என்ன சாட்சி?

நான் தினமும் வேலைக்குப் போக இறங்குவது லிவர்பூல் ஸ்ட்ரீட் நிலையத்தில். அந்த இடத்தில்தான் 1247இல் பெத்லம் மடம் தொடங்கியது. பின்னாளில் அது மனநோயாளர் மருத்துவமனையாயிற்று. ஆங்கிலத்தில் பெருங்கூச்சலையும் குழப்பத்தையும் குறிக்கும் 'பெட்லம்' என்ற சொல் அதன் பெயரின் திரிபு. 1598இல் நிர்வாகிகள் பார்வையிட்டபோது உள்ளே இருந்தவர்கள் இருபது பேர் அளவில்தான்.

ஆனால் 'பெட்லம் டாம்' என்று சொல்லிக்கொண்டு ஊரூராகப் பிச்சையெடுத்தவர்கள் அதைவிட அதிகம். அங்கே அடைபட்டிருந்து வெளியே வந்ததாகச் சொல்வார்கள். அடையாளத் தகடும் காட்டுவார்கள். அப்படி எந்தத் தகடும் நாங்கள் கொடுப்பதில்லை என்று 1675இல் மருத்துவமனை பகிரங்க அறிவிப்பு வெளியிட வேண்டியதாயிற்று.

ஷேக்ஸ்பியரின் 'லியர் அரசன்' நாடகத்தில் எட்கர் போடுவது இந்த டாம் வேடம். அவனைப் பிடித்துக் கொல்லத் தேடுகிறார்கள். மரத்துப்போன கைகளில் ஊசியும் ஆணியும் குத்திக்கொண்டு பிச்சை கேட்பவர்களைப் பார்த்ததாக அவனே சொல்கிறான். புயலிரவில் ஒரு குடிசையருகே, இந்தப் பொய்ப் பைத்தியத்தை மெய்யாகவே புத்தி பேதலித்துவரும் மன்னன் காண்கிறான். லியர் சாட்சி கேட்கவில்லை. தன்னைப் போலவே இவனையும் மகள்கள்தான் இந்தக் கதிக்கு ஆளாக்கினார்கள் என்று நம்புகிறான். தானும் உடையைக் களையத் தொடங்குகிறான்.

1606 டிசம்பர் 26 அன்று முதலாம் ஜேம்ஸ் மன்னர் முன்னிலையில் இந்த நாடகம் வைட்ஹால் அரண்மனையில் நடந்தது. அங்கிருந்து சில நிமிட நடையில் இன்று உச்ச நீதிமன்றம். 2019 மார்ச்சில் அங்கே இலங்கைத் தமிழர் ஒருவரின் வழக்கில் தீர்ப்பு வந்தது. அவர் முதுகிலும் கையிலும் சூட்டுத் தழும்புகள். தடுப்புக் காவலில் சித்திரவதை செய்தார்கள் என்றார் அவர். தஞ்சம் பெறுவதற்காக, தானே சம்மதித்து வேறொருவரைக் கொண்டு சுட வைத்திருக்கலாம் என்று தீர்ப்பாயம் கருதியிருந்தது. உச்ச நீதிமன்றம் அதை ஏற்காமல் மறுவிசாரணைக்கு அனுப்பியது.

போலிகள் எல்லாக் காலத்திலும் இருந்தார்கள். விசாரிப்பவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. ஆனாலும் எனக்கு எட்கர்தான் நினைவுக்கு வருகிறான். அவன் பைத்தியம் பொய். அவன் உயிருக்கு இருந்த ஆபத்து பொய்யல்ல. டாமைச் சோதித்துப் போலி என்று கண்டுபிடித்திருந்தால், எட்கரைக் கொலைகாரர்களிடம் ஒப்படைத்திருப்பார்கள்.

மேற்படிப்புக்கு விசா கேட்டு வந்தவன் நான். என்னிடம் மதிப்பெண் பட்டியலைத்தான் கேட்டார்கள், தழும்பை அல்ல.