கிளாஸ்டன்பரி ஈயச் சிலுவையும் அதன் பாடபேதங்களும்

ஆர்தர் மன்னனின் கல்லறை எனக் கிளாஸ்டன்பரி மடத்துத் துறவிகள் தோண்டிய குழியைப் பற்றி எழுதுவோர் ராலி ராட்ஃபோர்டின் கருத்துக்கு முகம்கொடுத்தே ஆகவேண்டும். 1962, 63 அகழாய்வில் அக்குழியையே கண்டுவிட்டதாக அவர் அறிவித்தார். லெஸ்லி ஆல்காக் அதை ஏற்றார். 2015இல் அகழாய்வுப் பதிவுகளை மறுஆய்வு செய்த கில்கிறிஸ்டும் கிரீனும் மறுத்தனர். குழி பற்றிய வழக்கு அத்துடன் தீர்ந்தது. குழியில் கிடைத்த ஈயச் சிலுவை பற்றிய ஆல்காக்கின் வாதமோ இன்னும் செல்வாக்கோடு இருக்கிறது.

சிலுவையின் எழுத்தமைதி பத்தாம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்றார் அவர். மடத்தலைவர் டன்ஸ்டன் கல்லறைத் தோட்டத்தை மண்ணிட்டு உயர்த்தியபோது பழைய அடையாளக்கல் அகற்றப்பட்டு, அதற்கு ஈடாக இச்சிலுவை உள்ளே வைக்கப்பட்டதாம். அப்படியானால் துறவிகள் புனைந்தது எதுவுமில்லை.

இதை என்னால் ஏற்க முடியவில்லை. சிலுவை இன்று இல்லை. அதன் எழுத்துகளை நாம் அறிவது கேம்டனின் நூலின் 1607ஆம் ஆண்டுப் பதிப்பில் உள்ள செதுக்குப்படத்தால் மட்டுமே. அப்படம் மூலத்துக்கு உண்மையானது என்றே கொள்வோம். அப்போதும் வாதம் நிற்காது: குழியின் இருபுறமும் நின்ற பழைய கூம்புத் தூண்களில் பெயர்கள் பொறிக்கப்பட்டிருந்ததை மாம்ஸ்பரி வில்லியம் விவரித்திருக்கிறார். பழைய எழுத்தை உருவாக்க முனைந்தவனுக்கு மாதிரி சில அடி தூரத்திலேயே இருந்தது.

எழுத்தைவிட வாசகம் வலுவான சான்று. புகழ்மிக்க ஆர்தர் மன்னன் அவலான் தீவில் அடக்கமாகியிருக்கிறான் என்கிறது அது. அவலான் என்ற பெயரை ஏறத்தாழ 1136இல் எழுதிய மான்மத் ஜெஃப்ரிக்கு முன் எங்கும் காணோம். ஆர்தரின் இறுதியைச் சொல்லும் இடத்தில் அவர் தரும் அடைமொழியும் ‘புகழ்மிக்க’ என்பதே. 1125இல் வில்லியமோ ஆர்தரின் கல்லறை எங்கும் காணப்படவில்லை என்று எழுதினார். பின்னர் இம்மடத்தின் வரலாற்றையே எழுதியவர் அவர். அதில் பிற்காலத்தார் செருகியவற்றை நீக்கினால் ஆர்தருக்கு அங்கே கல்லறை இல்லை. ஆகவே சிலுவை ஜெஃப்ரிக்குப் பிற்பட்டது. 1184 தீவிபத்தில் எரிந்த மடத்துக்குப் பணம் தேவைப்பட்ட காலத்தில் அதை வைப்பதே பொருத்தம்.

இனிப் பாடபேதம். சிலுவையைத் தொட்டுப் பார்த்ததாகச் சொல்லும் வேல்ஸ் ஜெரால்டு, ஆர்தருடன் அவனுடைய இரண்டாம் மனைவி கினிவியரும் அடக்கமானதாக வாசிக்கிறார். காக்ஸ்ஹால் ரால்ஃபின் பாடத்தில் அரசி இல்லை. மார்கம் மடத்து வரலாற்றிலும் சிலுவை ஆர்தரை மட்டுமே சொல்கிறது. ஆனால் அங்கே பெட்டிகள் மூன்று: அரசி, மோர்ட்ரெட், ஆர்தர். கேம்டனின் படத்திலும் அரசி இல்லை.

சிலுவையின் மறுபக்கத்தில் அவள் பெயர் இருந்திருக்கலாம் என்பாருண்டு. எனக்கு அது போதவில்லை. ஜெரால்டின் சாட்சியமே காலத்தால் முந்தியது. கண்டவர் கூற்றும் அதுவே. அரசியைத் தாங்கிய முதல் வாசகம் பின்னர் திருத்தி வார்க்கப்பட்டதென்றே கருதுகிறேன். 1278இல் முதலாம் எட்வர்டு எலும்புகளை இரு பேழைகளில் தனித்தனியே வைத்தது அதற்கு ஒரு வாய்ப்பு. ஆனால் ரால்ஃபின் பாடம் அதற்கு முற்பட்டது; என் ஊகம் இடறும் இடம் இதுதான்.

குழி தோண்டிய ஆண்டும் உறுதியில்லை. ரால்ஃப் 1191 என்கிறார். அடக்கத்துக்கு 648 ஆண்டுகளுக்குப் பின் என்னும் டாமர்ஹாம் ஆடமின் கணக்கை, ஆர்தரின் இறுதிக்கு ஜெஃப்ரி தரும் 542ஆம் ஆண்டுடன் கூட்டினால் 1190 வருகிறது. 1189இல் இறந்த இரண்டாம் ஹென்றியே இடத்தைச் சுட்டினான் என்ற ஜெரால்டின் செய்தியோடு இரண்டும் முரண்படவில்லை; அதனால் இரண்டில் ஒன்றைத் தேர அது உதவவுமில்லை.