சிறைச் சுவரிலிருந்து எழுந்த இசை

போலந்தின் தென்கோடியில், மலையடிவாரத்திலுள்ள சாக்கோபானே என்னும் ஊரில், 1944இல் நாத்சிகளின் இரகசியக் காவல்துறை ஓர் இளம்பெண்ணைச் சிறைவைத்திருந்தது. வயது 18. அறைச் சுவரில் அவள் பழியோ சாபமோ எழுதவில்லை. அழவேண்டாமெனத் தன் தாயைத் தேற்றிவிட்டு, விண்ணக அரசியாகிய மரியாவிடம் ஆதரவு வேண்டினாள். அச்சிறு வாசகமே ஹென்றிக் குரெட்ஸ்கியின் மூன்றாம் சிம்பொனியில் நடுநாயகமாய் நிற்கிறது.

1933இல் சைலீசியப் பகுதியில் பிறந்தவர் குரெட்ஸ்கி. அவருடைய இரண்டாம் பிறந்தநாளன்றே தாய் இறந்தார். சிறுவயதில் இடுப்பு மூட்டு பிசகி, மருத்துவமனையில் நெடுநாள் கிடந்தார். தாயை இழந்த பிள்ளை, பிள்ளையை இழந்த தாயரைப் பாடியதில் வியப்பென்ன? 1976இல் இயற்றிய அந்தச் சிம்பொனியில் சிறைச்சுவர் மன்றாட்டுடன், 15ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த வியாகுல அன்னையின் புலம்பலும், கிளர்ச்சியில் மடிந்த மகனைத் தேடும் தாயின் நாட்டுப்பாடலும் இடம்பெறுகின்றன. அடித்தள நரம்புக்கருவிகள் தாழ்குரலில் தொடங்கும் மெட்டை மற்றவை ஒவ்வொன்றாய் ஏற்று மேலெழுப்ப, வெகுநேரம் கழித்தே பெண்குரல் நுழைகிறது. 1977இல் பிரான்சில் அரங்கேறியபோது புதுமை விரும்பிகள் முகம் சுளித்தனர். முன்னர் அவரும் கரடுமுரடான புதுமையிசை எழுதியவரே! 1992இல் வெளிவந்த ஒலிப்பதிவோ 10 இலட்சத்திற்கு மேல் விற்றது. விற்பனையைக்கொண்டு இசையை எடைபோடுவது நமக்கு உடன்பாடன்று. அவர் நடந்துகொண்ட விதமே நமக்குப் பெரிதாகத் தோன்றுகிறது.

மறைசாட்சி புனித ஸ்தனிஸ்லாஸ் கொலையுண்டதன் 900ஆம் ஆண்டு நினைவுக்காக ஓர் இசைப்படைப்பு வேண்டுமென்று 1977இல் கிராக்கோ கர்தினால் வொய்த்திலா அவரைக் கேட்டிருந்தார். மறு ஆண்டு அக்கர்தினாலே திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் ஆனார். அரசனை எதிர்த்து மாண்ட ஆயரின் விழா பொதுவுடைமை அரசுக்கு எப்படி உவக்கும்? குரெட்ஸ்கியோ அரசு நடத்திய கத்தோவித்சே இசைக் கல்லூரியின் தலைவர். திருத்தந்தை அந்நகருக்கு வர அரசு இசையாததைக் கண்டித்து, 1979இல் அவர் பதவி துறந்தார். அவ்வாண்டு ஜூன் திங்களில் 'பேறுபெற்றவன்' என்று பொருள்படும் இலத்தீன் தலைப்புடைய அப்படைப்பைக் கிராக்கோவில், திருத்தந்தையின் முன்னிலையில், தாமே நடத்தினார்.

1981 மார்ச்சில் பிட்கோஷ்ச் நகரில் 'ஒருமைப்பாடு' தொழிற்சங்கத்தினர் தாக்கப்பட்டபோது, பக்கவாத்தியமற்ற பாடகர்குழுவுக்காக 'மிசெரேரே' எழுதினார். மொத்தம் ஐந்தே இலத்தீன் சொற்கள். எங்கள் ஆண்டவராகிய கடவுளே என்று அரைமணிக்குமேல் அழைத்துக்கொண்டேயிருக்கும் குரல்கள், முடிவில்தான் இரக்கத்தைக் கேட்கின்றன. இராணுவச் சட்டம் குறுக்கிட்டது; ஆறாண்டுகள் அப்பாடல் பாடப்படவில்லை. 1987இல் அது முதன்முதல் ஒலித்த ஊர் விவோத்சுவாவெக். மறைசாட்சி பொப்பியேவுஷ்கோ அடிகளாரின் உடல் 1984 அக்டோபரில் மீட்கப்பட்டது அவ்வூரின் நீர்த்தேக்கத்திலிருந்துதான்.