முந்நூறு பேர் மட்டும்தானா?

தெர்மோபைலே என்றதும் நம்மில் பலருக்கு '300' படம்தான் ஞாபகம் வரும். நானும் பல்கலைக்கழக விடுதியில் நண்பர்களோடு கத்திக்கொண்டு பார்த்த படம். எண்ணைக் கண்டால் கூட்டிப் பார்ப்பது பொறியியல் படித்த புத்தி. பிற்பாடு ஹெரோடோட்டஸைப் படித்தபோது கணக்கு உதைத்தது.

கி.மு. 480. செர்க்ஸஸின் பாரசீகப் படை வடக்கிலிருந்து இறங்கி வருகிறது. ஒரு பக்கம் மலை, மறுபக்கம் கடல். சில இடங்களில் ஒரே ஒரு வண்டி போகுமளவுக்குத்தான் வழி. படை எவ்வளவு பெரிதானாலும் முன்வரிசையில் நிற்க முடிவது கொஞ்சம் பேர்தானே? இரண்டு நாள் கிரேக்கர்கள் அப்படித்தான் தாக்குப்பிடித்தார்கள். பிறகு எஃபியால்டிஸ் என்ற உள்ளூர்க்காரன் மலைப்பாதையைக் காட்டிக்கொடுத்தான்.

மூன்றாம் நாள் ஸ்பார்ட்டா மன்னர் லியோனிடஸ் பெரும்பாலானவர்களைத் திருப்பி அனுப்பினார். அவருடைய 300 பேர் தங்கினார்கள். தீப்ஸ் நகரத்தார் 400 பேரைப் பிணைபோல நிறுத்தினார் என்கிறார் ஹெரோடோட்டஸ். அவர்கள் கடைசியில் சரணடைந்தார்கள். ஆனால் தெஸ்பியே என்ற சிறிய ஊரிலிருந்து டெமோஃபிலஸ் தலைமையில் வந்த 700 பேர் போக மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். அத்தனை பேரும் அங்கேயே செத்தார்கள்.

ஸ்பார்ட்டனுக்குப் பின்வாங்காமை சட்டம். சிறு வயதிலிருந்தே அதற்காக வளர்க்கப்பட்டவன். அவன் ஊரும் தெற்கே வெகுதூரத்தில் இருந்தது. தெஸ்பியேக்காரனுக்கு அப்படி ஒரு சட்டமும் இல்லை. பாரசீகர்கள் அடுத்து நுழையப்போகும் போயோட்டியாவில்தான் அவன் வீடு. போகலாம் என்ற பிறகும் நின்றான். மக்கள் விட்டுப்போன அந்த ஊரை செர்க்ஸஸ் கொளுத்தினான். மறு ஆண்டு பிளாட்டியா போருக்கு, மிச்சமிருந்த தெஸ்பியேக்காரர்கள் 1800 பேர் கனமான கவசங்கள்கூட இல்லாமல் வந்து நின்றார்கள்.

போர்க்களத்தில் நடப்பட்ட மூன்று கல்வெட்டுக் கவிதைகளை ஹெரோடோட்டஸ் தருகிறார். அதில் ஒன்றுகூட தெஸ்பியேக்கென்று இல்லை. ஸ்பார்ட்டர்களிடம் அடிமைப்பட்டுக் கிடந்த ஹெலட்டுகளின் பிணங்களும் அங்கே கிடந்தன என்று போகிறபோக்கில் எழுதுகிறார், எத்தனை என்று சொல்லவில்லை. லியோனிடஸுக்கு அங்கே 1955இல் நினைவுச்சின்னம் எழுந்தது. தெஸ்பியே வீரர்களுக்கு 1997இல்தான்.

ஸ்பார்ட்டர்களின் வீரத்தைக் குறைத்துச் சொல்வது என் நோக்கம் இல்லை. ஆனால் வரலாறு ஏற்கெனவே பேர் எடுத்தவனுக்கே மேலும் பேர் சேர்க்கிறது. அந்தக் கடைசி நாளில் 300ஐவிட இரண்டு மடங்குக்கும் அதிகமானவர்கள், யாரும் கட்டாயப்படுத்தாமல் நின்றார்கள். யாராவது 300 என்று சொன்னால், எனக்கு இப்போதெல்லாம் கூடவே 700உம் சொல்லத் தோன்றுகிறது.