நிபந்தம் முதல் ஏலம் வரை: திருநாவலூர் வட்டார அறங்களும் ஐரோப்பியச் சட்டமும்

பெரியபுராணத்தில் சுந்தரரின் கல்யாணம் ஒரு வழக்கில் போய் நிற்கிறது. திருநாவலூரில் பிறந்த அவருக்குப் புத்தூரில் மணப்பந்தல் போட்டாயிற்று. முதியவர் ஒருவர் வந்து, பாட்டன் எழுதிக்கொடுத்த அடிமை ஓலை தன்னிடம் இருப்பதாகச் சொல்கிறார். சுந்தரர் அதைப் பிடுங்கிக் கிழிக்கிறார். கிழிந்தது படி ஓலை, மூல ஓலை திருவெண்ணெய்நல்லூரில் இருக்கிறது என்கிறார் கிழவர். அவ்வூர்ச் சபை மூல ஓலையை வாங்கி, பாட்டனின் வேறொரு கையெழுத்தோடு ஒப்புநோக்கித் தீர்ப்புச் சொல்கிறது. எழுத்துச் சான்றை வைத்து உரிமையை நிலைநாட்டும் பழக்கம் இந்த வட்டாரத்துக்கு வெள்ளைக்காரன் கொண்டுவந்து கொடுத்ததல்ல. அவன் கொண்டுவந்தது வேறு. ஒரு சேவையைப் பார்த்ததும், இது மதமா, தருமமா, தனிச்சொத்தா என்று கேட்டு, பதிலுக்கேற்ப அதைத் தனித்தனிப் பெட்டியில் போட்டுப் பூட்டும் முறை அது. அந்தப் பிரிப்பு இந்த ஊர்ப்பக்கத்துச் சோறு, கல்வி, ஏரி பராமரிப்பு ஆகியவற்றை எப்படி மாற்றியது என்பதையே இக்கட்டுரை பின்தொடர்கிறது.

இதே கேள்வி இன்றைய ஐரோப்பாவிலும் தீரவில்லை. 1957 ரோம் உடன்படிக்கை பொதுச் சந்தைக்கு அடித்தளம் போட்டபோது, முதியோர் இல்லமும் வேலைவாய்ப்பு அலுவலகமும் சந்தைக்கு வெளியே இருப்பதாகவே பலரும் எண்ணினார்கள். 1991இல் ஹோஃப்னர் வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம், ஆளெடுத்துக் கொடுப்பது ஒரு பொருளாதார நடவடிக்கை, அதைச் செய்வது அரசு அலுவலகமே ஆனாலும் போட்டிச் சட்டம் அதற்கும் பொருந்தும் என்றது. இரண்டு ஆண்டு கழித்து, பிரான்சின் கட்டாயச் சமூகக் காப்பீடு பற்றிய வழக்கில், ஒருவருக்கொருவர் தாங்கும் கொள்கையில் நடப்பது வணிகமல்ல என்றது. 1997இல், முதியோர் பராமரிப்பு ஏற்பாட்டில் லாப நோக்கில்லாத அமைப்புகளை மட்டுமே சேர்ப்பது என்ற இத்தாலியின் லொம்பார்டி மாநில விதியை ஏற்றுக்கொண்டது. 2003இல் ஆல்ட்மார்க் என்ற பேருந்துக் கம்பெனியின் வழக்கில், பொதுச் சேவைக்கு அரசு தரும் பணம் எப்போது சந்தையைக் கெடுக்கும் மானியம் ஆகாது என்பதற்கு நான்கு நிபந்தனைகள் வந்தன. 2006ஆம் ஆண்டின் சேவைகள் ஆணை, சமூக வீட்டுவசதியையும் குழந்தைப் பராமரிப்பையும் நலிந்தோருக்கான உதவியையும் தன் எல்லைக்கு வெளியே நிறுத்தியது. 2014ஆம் ஆண்டின் கொள்முதல் ஆணையோ, 7,50,000 யூரோவைத் தாண்டும் சமூகச் சேவை ஒப்பந்தங்களுக்குத் தளர்ந்த விதிகளைத் தனியாக வகுத்தது. தன் சட்டத்தின் பெட்டிகளுக்குள் முதியோர் இல்லம் எதில் அடங்கும் என்று ஐரோப்பா இத்தனை ஆண்டுகளாகத் தேடிக்கொண்டிருக்கிறது. அந்தத் தேடலின் பழைய அத்தியாயம் ஒன்று திருநாவலூர் அடங்கிய தென்னார்க்காட்டில் நடந்தது.

கல்லில் வெட்டிய கடமை

திருநாவலூர் பக்தஜனேஸ்வரர் கோயில் கல்வெட்டுகளில் திருத்தொண்டீச்சரம் எனப்படுகிறது. முதலாம் பராந்தகனின் மகன் இராஜாதித்தன் படையோடு இப்பகுதியில் தங்கியிருந்தபோது கற்றளியாக எடுப்பித்தது. அவன் பரிவாரத்தைச் சேர்ந்தவர்கள், மலைநாட்டுப் படைவீரர்கள் உட்பட, இங்கே நந்தாவிளக்குக்கு ஆடுகள் கொடுத்திருக்கிறார்கள். விளக்குக் கொடை அன்று தமிழகமெங்கும் நடந்த விதத்தைக் கிட்டப்போய்ப் பார்க்க வேண்டும். ஒரு விளக்குக்குப் பெரும்பாலும் தொண்ணூறு அல்லது தொண்ணூற்றாறு ஆடுகள். அவற்றை மன்றாடி எனப்படும் இடையர் ஒருவர் ஏற்று, நாள்தோறும் உழக்கு நெய் அளக்க வேண்டும். செத்ததும் கிழடானதும் குட்டிகளால் ஈடாகும் என்பதால் அவற்றுக்குச் சாவா மூவாப் பேராடு என்று பெயர். ஆடு மன்றாடியின் கையில்தான் இருக்கும். பாலையும் உரத்தையும் அவர் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் நெய் அளக்கும் கடமையைக் கழற்றிவிட்டு ஆட்டை மட்டும் வைத்துக்கொள்ள முடியாது. முதலும் கடமையும் பிரியாமல் கட்டப்பட்ட ஏற்பாடு அது.

நிலக்கொடையும் இதே பாணிதான். விழுப்புரம் மாவட்டத்து எண்ணாயிரத்தில், முதலாம் இராஜேந்திரன் காலத்தில் 340 மாணவர்களும் 14 ஆசிரியர்களும் கொண்ட கல்லூரிக்கு 45 வேலி நிலம் விடப்பட்டது. காஞ்சிபுரம் பக்கத்துத் திருமுக்கூடலில் வீரராஜேந்திரன் காலத்தில் 15 படுக்கைகளோடு ஆதுலசாலை நடந்தது. அங்கே கோயில், பள்ளி, மருத்துவமனை மூன்றும் ஒரே நிபந்தத்தில், அதாவது ஒரே கொடை ஏற்பாட்டில், இருந்தன. இதைப் பொற்காலம் என்று சொல்ல எனக்கு மனமில்லை. எண்ணாயிரத்தில் படித்தவர்கள் வேதம் ஓதும் பிள்ளைகள். அந்த நிலத்தில் உழுதவரின் பிள்ளைகளுக்கு அங்கே இடமில்லை. நான் கவனிக்கச் சொல்வது அமைப்பை மட்டும்: சேவைக்கென்று விட்ட நிலம் சேவையோடேயே கிடந்தது.

1817, 1863: இரு கூறாக்கிய கோடு

1801இல் கர்நாடகப் பகுதி கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது. கடலூரில் உட்கார்ந்திருந்த கலெக்டர் தென்னார்க்காட்டுக் கோயில்களுக்கும் சத்திரங்களுக்கும் மேலாளர் ஆனார். 1810இல் வங்காளத்துக்குப் போட்ட சட்டத்தைப் பின்பற்றி, சென்னை மாகாணத்துக்கு 1817இன் ஏழாம் ரெகுலேஷன் வந்தது. கோயில், மசூதி, கல்லூரி இவற்றுக்கு விட்ட நிலங்களின் வருமானமும், பாலம், சத்திரம் முதலியவற்றின் பழுதுபார்ப்பும் ரெவின்யூ போர்டின் பொறுப்பாயின. பாலங்களைப் பழுதுபார்ப்பதும் ஒரு தருமம் என்ற எண்ணம், 1601ஆம் ஆண்டின் எலிசபெத் ராணி கால இங்கிலாந்துச் சட்ட முகப்பிலேயே இருக்கிறது. நம் ஊரிலும் ஏரி வெட்டுவதும் சத்திரம் கட்டுவதும் அறமே என்பதால், இந்த முதல் கட்டத்தில் பெரிய முரண் எழவில்லை. எல்லாம் ஒரே பட்டியலில் இருந்தன.

கிறிஸ்தவ அரசு கோயில் கணக்குப் பார்க்கலாமா என்று இங்கிலாந்தில் மிஷனரிகள் எழுப்பிய எதிர்ப்புதான் கோட்டைக் கிழித்தது. 1833இல் விலகச் சொல்லிக் கம்பெனி இயக்குநர் குழுவின் உத்தரவு வந்தது. 1840களில் கலெக்டர்கள் கோயில்களைத் தர்மகர்த்தாக்களிடம் விட்டுவிட்டு விலகினார்கள். இந்த விலகலுக்குச் சட்ட உருவம் கொடுத்தது 1863இன் இருபதாம் சட்டம். ஆயுள் முழுக்கப் பதவியில் இருக்கும் உறுப்பினர்களைக் கொண்ட கமிட்டிகளிடம் கோயில்கள் போயின. கமிட்டிகளின் ஊழலைப் பற்றி நிறையவே எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் இந்தச் சட்டத்தின் 21ஆம் பிரிவை ஆய்வாளர்கள் போதிய அளவு கவனிக்கவில்லை என்பது என் எண்ணம். ஒரு சொத்து பாதி மதக் காரியத்துக்கும் பாதி மதமல்லாத காரியத்துக்கும் விடப்பட்டிருந்தால், ஒப்படைப்பதற்கு முன்பே எவ்வளவு பங்கு மதமல்லாத காரியத்துக்குத் தன்னிடம் நிற்க வேண்டும் என்று ரெவின்யூ போர்டு தீர்மானிக்க வேண்டும் என்கிறது அப்பிரிவு. பூசை முடிந்ததும் அதே அடுப்பில் பொங்கியதை வழிப்போக்கனுக்குப் போடும் ஓர் ஏற்பாட்டில், எந்தப் படி அரிசி மதம், எந்தப் படி அரிசி தருமம்? கொடுத்தவருக்கு எழாத கேள்வி சட்டத்துக்கு எழுந்தது.

பிரித்தெடுத்த பாதி உள்ளாட்சிக்குப் போயிற்று. 1871இன் லோக்கல் ஃபண்டு சட்டமும் 1884இன் லோக்கல் போர்டு சட்டமும் வந்த பிறகு, அரசின் கையில் இருந்த சத்திரங்கள் போர்டுகளின் சொத்தாயின. தஞ்சை மராட்டிய மன்னர்களின் சத்திரங்களுக்கும் இதுவே நேர்ந்தது. அங்கே என்ன நடந்துகொண்டிருந்தது என்பதை 1801இல் இரண்டாம் சரபோஜி, ரெசிடெண்டு பெஞ்சமின் டோரினுக்கு எழுதிய கடிதம் காட்டுகிறது. சாதி பாராமல் வந்தவருக்கெல்லாம் சோறு, கைக்குழந்தைக்குப் பால், நோயாளிக்கு வைத்தியர், வழியில் நோவெடுத்த பெண்ணுக்குப் பிரசவம் முடிந்து தேறும்வரை தங்க இடம், பிள்ளைகளுக்குப் படிப்பு. சத்திரங்களுக்கு விட்ட நிலங்களின் மேல் கம்பெனி கைவைக்கக்கூடாது என்பதற்காகத்தான் அவர் இதையெல்லாம் விரித்து எழுதினார். போர்டுகளின் கைக்கு வந்தபின், ஒரே கூரையின் கீழிருந்த இந்த வேலைகளை ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், பயணியர் விடுதி என்று இலாகா இலாகாவாகப் பிரித்தார்கள். ஆஸ்பத்திரியும் பள்ளியும் வளர்ந்தன. அவற்றில் சாதித் தடையில்லாத இடங்களும் மெல்லத் திறந்தன. சோறு போடும் வேலைக்கு மட்டும் எந்த இலாகாவும் உரிமை கொண்டாடவில்லை.

பிரிப்பை இறுதியாக வரையறுத்தது 1890இன் தர்ம சொத்துச் சட்டம். ஏழைக்கு உதவி, கல்வி, மருத்துவம், பொதுப் பயனுள்ள பிற காரியம் ஆகியவை தருமம். முழுக்க மதபோதனையோ வழிபாடோ ஆனவை தருமமல்ல என்றது அது. இன்றைய வருமான வரிச் சட்டத்தின் தரும வரையறையும் இந்தச் சொற்களின் வாரிசுதான்.

இனாம் கமிஷனும் சந்தையும்

கோட்டைக் கிழித்தது சட்டமன்றம் என்றால், நிலத்தைச் சந்தைக்கு அனுப்பியது, வரி நீக்கிய கொடை நிலங்களை ஆராய்ந்த இனாம் கமிஷன். 1858இல் ஜி. என். டெய்லர் தலைமையில் தொடங்கி, ஊர் ஊராகப் போய், ஓலையையும் தாமிரப்பட்டயத்தையும் வாங்கிப் பார்த்து, 1860களின் இறுதிவரை வேலை செய்தது. அதன் பதிவேட்டை வக்கீல்கள் இன்றும் ஐ.எஃப்.ஆர். என்று சொல்லி நீதிமன்றத்தில் காட்டுகிறார்கள். தேவதாயம் (கோயிலுக்கு விட்டது), தர்மதாயம் (தருமத்துக்கு விட்டது), ஊர் ஊழிய இனாம், சொந்த இனாம் என்று ஒவ்வொன்றுக்கும் தலைப்பு. இந்தத் தலைப்புகளில்தான் சேவையின் விதி எழுதப்பட்டது.

தேவதாயமும் தர்மதாயமும், ஊழியம் நடக்கும்வரை செல்லும் என்ற நிபந்தனையோடு உறுதிசெய்யப்பட்டன. சொந்த இனாமும் ஊர் ஊழிய இனாமும் வேறு வழியில் போயின. ஆண்டுக்கு ஒரு சிறு வரியைக் கட்டச் சம்மதித்தால், நிலம் முழு உரிமையோடு கைவசக்காரருக்குச் சொந்தம். அதன்பின் விற்கலாம், அடமானம் வைக்கலாம். ஊழியம் செய்யாவிட்டால் யாரும் நிலத்தைப் பிடுங்க முடியாது. 1862, 1866 ஆண்டுச் சட்டங்கள் இதை உறுதியாக்கின. இதை அன்றைய அதிகாரிகள் விடுதலை என்றே நினைத்தார்கள். நிலத்துக்கு உண்மையான சொந்தக்காரன் இருந்தால்தான் முதலீடு வரும் என்பது அவர்கள் கொண்டிருந்த பொருளாதாரம். கைவசக்காரருக்கு அது விடுதலைதான். ஊர்ப் பொதுவேலைக்கு அது அடியைப் பெயர்த்தது.

இதன் வலி ஏரியில் தெரிந்தது. இந்த வட்டாரத்துக் கெடில ஆற்றுக் கரை ஊர்கள் ஏரிப்பாசனத்தை நம்பியவை. மடை திறக்கவும் கரை காக்கவும் இருந்த ஆட்களுக்கு ஊர் நிலம் விட்டிருந்தது. பெரிய வேலைக்கு ஊரார் கூடிச் செய்யும் குடிமராமத்து. அந்தக் கட்டு தளர்ந்துகொண்டிருந்த வேளையில், 1858இன் முதலாம் சட்டம் குடிமராமத்துக்கு வராதவரிடம் பணம் வசூலிக்க வழிசெய்தது. ஒருபக்கம் ஊழியத்தைத் தாங்கிய நிலத்தை விற்பனைச் சரக்காக்கி, மறுபக்கம் ஊழியத்தைத் தண்டனை காட்டிக் கேட்டது அரசு. அச்சட்டம் நடைமுறையில் சோர்ந்துபோனதில் வியப்பில்லை.

இதே ஆண்டுகளில், திருநாவலூருக்குத் தென்கிழக்கே வடலூரில், இராமலிங்க அடிகள் 1867 மே மாதம் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். பார்வதிபுரத்து மக்கள் எழுதிக்கொடுத்த நிலம், யார் வந்தாலும் சோறு, அன்று மூட்டிய அடுப்பு இன்றும் எரிகிறது. மத இனாமும் அல்ல, அரசு சத்திரமும் அல்ல. சட்டத்தின் பெட்டிகள் எதிலும் சேராத ஒரு சேவையை அவர் கட்டினார் என்று இந்த வரலாற்றுப் பின்னணியில் வைத்துப் பார்க்கும்போது தோன்றுகிறது. அவருக்குப் பிறகு அதுவும் பெட்டிக்குள் வந்தது. இன்று இந்து சமய அறநிலையத் துறையின் நிர்வாகத்தில் இருக்கிறது.

பழைய ஏற்பாட்டை உயர்த்திப் பிடிப்பவர்கள் கல்வராயன் மலையையும் பார்க்க வேண்டும். சடைய கவுண்டன், குரும்ப கவுண்டன், ஆரிய கவுண்டன் ஜாகிர்களாக அது இருந்தது. சமவெளியைத் துண்டுபோட்ட சட்டங்கள் அங்கே ஏறவில்லை. மலைவாழ் மக்கள் ஜாகிர்தாரர்களுக்கு வரியும் கூலியில்லா உழைப்பும் கொடுத்தார்கள். 1963இன் இனாம் ஒழிப்புச் சட்டங்களுக்குப் பிறகும் இழுத்து, 1976இல்தான் மலை அரசின் நேரடி நிர்வாகத்துக்கு வந்தது. சந்தையும் வெள்ளையர் சட்டமும் எட்டாத இடத்தில் சேவை தானாக மலரும் என்பதற்கு அங்கே சான்று கிடையாது.

மீண்டும் ஒன்றுசேர்ந்தபோது

நீதிக்கட்சி ஆட்சி கொண்டுவந்த 1925ஆம் ஆண்டின் இந்து அறநிலையச் சட்டம், வழக்குகளில் சிக்கியதால் 1927இல் மறுபடி இயற்றப்பட்டது. கமிட்டிகளின் மேல் ஒரு போர்டு உட்கார்ந்தது. 1951ஆம் ஆண்டுச் சட்டத்தால் போர்டு போய் அரசுத் துறை வந்தது. 1954இல் உச்ச நீதிமன்றம் சிரூர் மட வழக்கில் அச்சட்டத்தின் சில பிரிவுகளைச் செல்லாது என்றபின் வந்த 1959இன் இருபத்திரண்டாம் சட்டம் இன்றுவரை நடப்பில் இருக்கிறது. 1863இல் விலகிய அரசு ஒரு நூற்றாண்டுக்குள் திரும்பி வந்துவிட்டது. உபரி வருமானத்தைக் கல்விக்கும் ஏழைகள் உதவிக்கும் செலவிட 1959 சட்டத்தின் 36ஆம் பிரிவு இடம் தருகிறது. 2002 முதல் கோயில்களில் அன்னதானத் திட்டம் நடக்கிறது. 1863 சட்டத்தின் 21ஆம் பிரிவு வெட்டிய இடத்தில் இப்படி ஒரு தையல் விழுந்தது.

ஆனால் வருமானம் வரும் வழி சந்தையாகிவிட்டது. கோயில் மனைகளுக்கும் கடைகளுக்கும் 34அ பிரிவின்படி சந்தை வாடகை நிலவரத்தைப் பார்த்து நியாய வாடகை நிர்ணயிக்கிறார்கள். குத்தகைக்குப் பகிரங்க ஏலம். விவசாய நிலத்துக்கோ 1956ஆம் ஆண்டின் நியாயக் குத்தகைச் சட்டமும் 1961ஆம் ஆண்டின் பொது அறக்கட்டளை விவசாய நிலச் சட்டமும் உழுபவருக்குப் பாதுகாப்புத் தருகின்றன. ஆக, ஒரே கோயிலின் வயல் சமூகநீதிக் கணக்கில், ரோட்டோரக் கடை சந்தைக் கணக்கில். வயலில் சந்தை நுழையாமல் காத்தது சரி என்பேன். கடைக்கு ஏலம் விட்டுக் கிடைக்கும் தொகை அன்னதானத்துக்குப் போகிறதா என்பதை ஊர் கேட்டு வாங்கும் வழி மட்டும் சட்டத்தில் பலமாக இல்லை. மன்றாடி உழக்கு நெய் அளக்கவில்லை என்றால் அன்று ஊருக்கே தெரிந்திருக்கும்.

2025 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, ஐந்து கோயில்களின் நிதியில் திருமண மண்டபங்கள் கட்டுவதற்கான அரசாணைகளை ரத்துசெய்தது. வாடகைக்கு விடும் மண்டபம் மதக் காரியமாகாது என்பது அதன் வாதம். ஏழை வீட்டுப் பெண்ணுக்குக் குறைந்த வாடகையில் மண்டபம் கிடைத்தால் அது சேவைதானே என்று கேட்பவர்களும் உண்டு. மதமா, தருமமா, வணிகமா என்ற மூன்று கேள்விகளும் அந்த ஒரே கட்டடத்தின் மேல் ஒரே நேரத்தில் விழுந்தன; தீர்ப்பு முதல் கேள்விக்கும் மூன்றாம் கேள்விக்கும் பதில் சொன்னது, இரண்டாவது இன்னும் நிற்கிறது.